சேவல் லேபிளும் ஐந்தாவது தட்டும்

"தீப்பெட்டி லேபிள் பாக்குத கண்ணுக்குச் சீமை ரெக்கார்டப் பத்தி என்ன தாயி தெரியும்?"

கேட்டவர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ செட் கடை வைத்திருந்த அண்ணாச்சி. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் ஆம்ப்ளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும் அவர் கடையிலிருந்துதான் போகும். அவர் அப்படிக் கேட்டபோது கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. அந்த ஆளுக்கு மட்டும் இன்றுவரை நான் வணக்கம் சொல்வதில்லை.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? இவ்வளவுதான்: "அண்ணாச்சி, ஒரிஜினல்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்களே இந்த ரெக்கார்டு, இது ஒரிஜினல் இல்ல. பிற்பாடு எங்கயோ மறுபடி அச்சடிச்சது. மறுபதிப்பு."

சொன்னது உண்மை. ஆனால் உண்மைக்காகச் சொல்லவில்லை. அந்த ரெக்கார்டு எனக்கு வேண்டும். அதை ஒரிஜினல் என்று அவர் நம்புகிற வரைக்கும் எனக்குத் தர மாட்டார். ஆகவே அதன் மதிப்பைக் குறைத்தாக வேண்டும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாரும் என்னை நல்ல பெண் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

அது ஐந்து பேர் சேர்ந்து பாடின ஒரு இங்கிலீஷ் குழுவின் ரெக்கார்டு. அறுபதுகளில் அவர்கள் மொத்தம் ஏழு பெரிய தட்டுகள் போட்டார்கள். பிறகு சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் பிரிந்த சமயத்தில் நான் இடைசெவலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். செய்தி எங்கள் ஊருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் வீட்டில் வாசிக்க ஆள் இல்லை. ரேஷன் கார்டைத் தலைகீழாகப் பிடிக்காத முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான்.

கல்லூரிக்குப் போன காலத்தில் சிலோனிலிருந்து வரும் ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சியை டிரான்சிஸ்டரில் கேட்க ஆரம்பித்தேன். ஆங்கிலம் காதில் பழகட்டும் என்பதுதான் எண்ணம். ஆங்கிலம் பழகவில்லை. அந்தப் பாட்டுகளில் ஒருத்தனும் ஒரு வார்த்தையையும் முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை. பாட்டுதான் பழகிவிட்டது. படிப்பு முடிந்து, கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் வேலை கிடைத்ததும், கையில் காசு வந்த மூன்றாவது மாதம் மதுரைக்கு பஸ் ஏறி முதல் ரெக்கார்டை வாங்கினேன்.

மதுரையில் அந்தக் கடைக்காரர் அறுபதுகளின் குழுக்களையெல்லாம் மறுபதிப்பாக வைத்திருந்தார். கடைக்கு வருகிற சில பேண்ட் சட்டைக்காரர்கள் அந்த வரிசைப் பக்கமே திரும்ப மாட்டார்கள். "இதெல்லாம் ரீஇஷ்யூ" என்பார்கள், ஊசிப்போன சட்னியைச் சொல்வதுபோல. எனக்கு அது விளங்கவே இல்லை. நான் படித்த பாடப்புத்தகம் அத்தனையும் மறுபதிப்பு. நீ முதல் பதிப்பு அல்ஜீப்ரா படித்தாயா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கணக்கு சரியாக வந்ததா என்றுதான் கேட்டார்கள்.

ஆக நான் மறுபதிப்புகளாகவே சேர்த்தேன். ஒன்றிரண்டு வேறு குழுக்களும் உண்டு என்றாலும் இந்த ஐந்து பேர்தான் என் ஆட்கள். முதல் தட்டு, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, அப்புறம் ஆறு, ஏழு. ஐந்தாவது மட்டும் இல்லை. கடைக்காரரிடம் போகும்போதெல்லாம் கேட்பேன். "அது வராதும்மா" என்பார். ஏன் வராது என்றால், "அது வரல" என்பார். ஆறு பல்லும் ஒரு ஓட்டையுமாக என் வரிசை நின்றது.

வீட்டில் என் சேகரிப்புக்கு நல்ல வரவேற்புதான். தட்டின் உறையில் ஐவரும் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "எந்தக் கோயிலுக்கு முடி வளக்காவ?"

"தெரியலப்பா."

"இம்புட்டு வளந்துட்டே. காலாகாலத்துல எறக்கிற வேண்டியதுதான?"

"அவிய ஊருல கோயில் தூரம்ப்பா."

அதன் பிறகு ஒவ்வொரு புது உறையையும் அப்பா வாங்கிப் பார்ப்பார். "இன்னும் எறக்கல" என்று சொல்லித் திருப்பித் தருவார்.

அம்மா வீட்டில் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை எப்போதும் வீட்டில் ஒரு சட்டியில் இருக்கும். மூன்றாவது தட்டின் உறை ஓரத்தில் கிழிந்ததைப் பார்த்துவிட்டு, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தீப்பெட்டிக்குச் சுற்றுகிற நீலத்தாளை அளவாகக் கத்தரித்து அழகாக ஒட்டி வைத்துவிட்டாள். அதோடு நிறுத்தவில்லை. இது ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது என்று மற்ற ஐந்துக்கும் நீல ஓரம் கட்டிவிட்டாள். உலகத்தில் அப்படி ஒரு பதிப்பு என்னிடம் மட்டும்தான் உண்டு. பூச்சியும் அரிக்காது.

ரெக்கார்டு இருந்தது, அதைச் சுற்றுகிற பிளேயர் என்னிடம் இல்லை. அது இருந்தது அண்ணாச்சி கடையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவேன். அவருக்கு வேண்டிய பில், போர்டு, ஆங்கிலத்தில் வந்த கடிதம் எல்லாம் நான் எழுதிக் கொடுப்பேன். பதிலுக்கு அவர் என் தட்டில் ஒன்றை வைத்து, மேஜைக்கு அடியில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக ஓட விடுவார்.

"இதுக்கு ஆடு கூட மேயாது தாயி" என்பார்.

"நீங்க மேய வேண்டாம் அண்ணாச்சி. கேளுங்க."

அந்தக் கடையின் மேல்தட்டில்தான் பதினொரு ஆங்கில ரெக்கார்டுகள் பாலிதீன் உறைக்குள் இருந்தன. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்காரர்களோடு பழக்கமுள்ள ஒருவரிடமிருந்து அண்ணாச்சி வாங்கினது. வெளிநாட்டுச் சரக்கு, அத்தனையும் ஒரிஜினல் என்று சொல்லி வைத்திருந்தார். அதில் நான்காவதாக நின்றது என் ஐந்தாவது தட்டு.

கையில் தொட்டுப் பார்க்கத் தருவார். ஓட விட மாட்டார். "ஒரிஜினல்ல ஊசி படப்பிடாது. தேஞ்சிரும்."

"கேக்கத்தான அண்ணாச்சி ரெக்கார்டு?"

"விக்கத்தான்."

அதைக் கையில் வைத்திருந்த அந்த நேரங்களில்தான் உறையின் மேல் என் கண் ஓடியது. அங்கேதான் நான் பிரஸ்ஸில் கற்றது வேலை செய்தது.

எங்கள் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தீப்பெட்டி ஆபீஸின் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கோழி லேபிள் நன்றாக விற்றால், சீக்கிரமே இன்னொரு ஆபீஸ் சேவல் லேபிள் போடும். அதே மஞ்சள், அதே சிவப்பு வட்டம். படம் வரைகிறவரிடம் போய்ப் புதிதாக ஒரு சேவலை வரையச் சொன்னால் நாளாகும் என்று, அச்சாகி வந்த கோழி லேபிளையே கேமராவில் படம் எடுத்து, கொண்டையை மட்டும் பெரிதாக்கிவிடுவார்கள். வாங்குகிறவர் பற்றவைக்கத்தான் பார்ப்பார், கொண்டையைப் பார்க்க மாட்டார்.

ஆனால் என் வேலை கொண்டையைப் பார்ப்பது. அச்சடித்த படம் என்பது நுணுக்கமான புள்ளிகளால் ஆனது. அச்சான படத்தையே மறுபடி படம் எடுத்து அச்சடித்தால் பழைய புள்ளிமேல் புதிய புள்ளி விழும். வெறும் கண்ணுக்கு நிறம் லேசாகக் கலங்கினது போல இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோரைப்பாய் பின்னினது போலத் தெரியும். சின்ன எழுத்துகளின் குழிகள் மையால் அடைபட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதம் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பட்ட பிறகு வேறு எதுவும் படவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் புள்ளியைத்தான் பார்ப்பேன்.

ஐந்தாவது தட்டின் உறையில் பாய் விரித்திருந்தது.

அதைச் சொன்னபோதுதான் அண்ணாச்சி அப்படிக் கேட்டார். நாலு பேரும் சிரித்தார்கள். டீ குடித்து முடித்த பிறகு அவர் ஒரு தகவலையும் சேர்த்துச் சொன்னார்: "ஆவணி பொறந்ததும் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி மகன் வாரான். பெங்களூர்ல படிக்கான். பதினொண்ணையும் மொத்தமா எடுத்துக்கிடுதேன்னுருக்கான். ஒண்ண உருவிட்டா மத்தது நாறிப்போவும். அதனால நீ அதப் பாக்காத. பாத்தாத்தான ஆச வரும்."

பெங்களூருக்குப் போய்விட்டால் அந்தத் தட்டை நான் கேட்பது இந்த ஜென்மத்தில் இல்லை. மதுரைக்காரரும் "வராது" என்று சொல்லியாயிற்று. ஆவணிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அந்த ஒன்றரை மாதமும் நான் அண்ணாச்சி கடையில் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆவணி முதல் ஞாயிறு, பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்கிற மடக்கு லென்ஸைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மடக்கினால் அது ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மூலையில் உட்கார்ந்து அண்ணாச்சிக்கு ஏதோ பில் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிவாக்கில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

முதலாளி மகன் மோசமான ஆள் இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, செருப்பையும் வெளியே கழற்றிவிட்டு வந்தார். ரெக்கார்டு ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஸ்மெல்லே வேற அண்ணாச்சி."

"கப்பல் வாசன தம்பி. இந்தச் சரக்கு நம்ம பக்கம் கெடைக்காது."

மேல்தட்டில் பூச்சிக்கு ரசகற்பூர உருண்டை போட்டு வைத்தது எனக்குத் தெரியும். அந்த வாசனைதான் அது. நான்காவதாக என் தட்டை எடுத்தார். பேனாவை மூடினேன்.

"அது மறுபதிப்புங்க."

முதலாளி மகன் திரும்பினார். அண்ணாச்சி திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தப் பிள்ள பேச்சக் கேக்காதீங்க தம்பி. லேபிள் பிரஸ்ஸுல வேல பாக்கு. வெயில்ல நடந்து வந்திருக்கு."

"ரீஇஷ்யூன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று அவர் என்னிடமே கேட்டார். அந்த 'றீங்க'வில் கொஞ்சம் மரியாதையும் நிறையப் பயமும் இருந்தது.

"காட்டுதேன். ஒரு தீப்பெட்டி இருந்தாக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் எதிர்பார்த்த தீப்பெட்டிதான். சேவல் லேபிள். அவருடைய அப்பாவின் ஆபீஸில் போட்டது. அவர் வேறு எந்தத் தீப்பெட்டியை வைத்திருக்கப் போகிறார்? அந்தச் சேவல் எங்கள் பிரஸ்ஸில் அச்சடித்தது இல்லை. அந்தச் சேவலுக்குத் தாயான கோழிதான் எங்கள் பிரஸ்ஸில் அச்சடித்தது. நானே ப்ரூஃப் பார்த்து அனுப்பின கோழி.

லென்ஸை விரித்துத் தீப்பெட்டிமேல் வைத்தேன். "மொதல்ல இதப் பாருங்க. றெக்கைல என்ன தெரியுது?"

குனிந்து பார்த்தார். "ஏதோ… பின்னல் மாதிரி."

"இப்ப ரெக்கார்டு அட்டையப் பாருங்க. நடுவுல நிக்கறவரு கன்னத்துல."

வெகுநேரம் பார்த்தார். "அதே பின்னல்."

"படத்த நேரா எடுத்து அச்சடிச்சா அப்படி வராது. அச்சடிச்ச படத்தையே படம் எடுத்திருக்காங்க. ஒரிஜினல் போட்டவங்களுக்கு அது எதுக்கு? அவங்ககிட்டதான் படமே இருக்கே. வேற எவரோ, வேற எங்கயோ, அட்டையப் பாத்து அட்டை போட்டிருக்காங்க. பின்பக்கத்துல சின்ன எழுத்தப் பாருங்க. எல்லாம் மை அடைச்சுக் கெடக்கு."

பின்பக்கத்தைப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவர் கை, தானாகவே போனது போல, மறுபடி தீப்பெட்டிக்குப் போனது. லென்ஸை அதன்மேல் வைத்து இன்னொரு முறை குனிந்தார்.

"அப்ப இந்தச் சேவல்?"

அண்ணாச்சிக்கு இருமல் வந்தது.

"அது முன்னால கோழியா இருந்துச்சு" என்றேன்.

"யாரோட கோழி?"

"வீட்டுல அப்பாகிட்ட கேளுங்க. அவியளுக்குத் தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தீப்பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, மீதிப் பத்து ரெக்கார்டையும் என் முன்னால் அடுக்கினார். "இதெல்லாமும் பாத்துச் சொல்லுங்க."

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. என் குறி ஒன்றே ஒன்றுதான். அண்ணாச்சி முகம் வெயிலில் வாடிய அவரைக்கொடி மாதிரி ஆகிவிட்டது. பத்தில் இன்னும் நாலைந்து போலியாகிவிட்டால் அவர் விற்பனை கெட்டது. அவருக்கு மனம் கெட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கெட்டது. ஆனால் பார்க்க ஆரம்பித்த பிறகு இல்லாததைச் சொல்லவும் இருப்பதை மறைக்கவும் என்னால் ஆகாது. அது குணம் என்பதைவிட வேலைப்பழக்கம். ப்ரூஃபில் ஒரு பிழையை விட்டால் லட்சம் பெட்டியில் அது வந்து நிற்கும். ஒவ்வொரு உறையாக எடுத்து, முகம், வானம், எழுத்து என்று பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு தரம் தண்ணீர் குடித்தார். கடைசி உறையையும் வைத்துவிட்டு, "பத்தும் சுத்தம்" என்றேன். அவர் மூன்றாம் தரம் தண்ணீர் குடித்தார்.

முதலாளி மகன் பத்தை ஒரு பக்கமும் என்னுடையதை ஒரு பக்கமும் வைத்தார். "இது வேண்டாம் அண்ணாச்சி. ரீஇஷ்யூ வச்சிருந்தா பெங்களூர்ல ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க."

"பாட்டக் கேட்டா சிரிப்பாங்க? அட்டையப் பாத்தா சிரிப்பாங்க?" என்று கேட்டேன்.

பத்தையும் எண்ணி அடுக்கினார். சாயங்காலம் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தீப்பெட்டியை எடுத்து இன்னொரு தரம் பார்த்தார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வைவார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"மத்த பத்துக்கும் சர்ட்டிபிகேட்டு குடுத்துட்ட. அதுக்காவ விடுதேன்" என்றார். "அந்த ஒண்ண நீயே எடுத்துக்கோ. இங்கன கெடந்தா எனக்கு வயிறு எரியும்."

சும்மா எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படித்த பெண், எதையும் இனாமாக வாங்கினாள் என்று வரக் கூடாது. "என்ன செஞ்சு தரணும், சொல்லுங்க" என்றேன்.

அவர் புதிதாக வாங்கி வைத்திருந்த கேசட்டுகளைக் காட்டினார். நாற்பது இருக்கும். ஒவ்வொன்றின் அட்டையிலும் பாட்டு வரிசையை அழகாக எழுத வேண்டும். இதுதான் பேரம். உடனே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் முத்து முத்தாக எழுதினேன். அன்று என் கையெழுத்து இருந்த அழகுக்கு அதை அச்சுக்கே அனுப்பியிருக்கலாம். முடித்துவிட்டு அங்கேயே தட்டை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு என்று முடிவு செய்திருந்தேன்.

முப்பத்தோராவது கேசட் எழுதும்போது இரண்டு ஆட்கள் வந்தார்கள். பத்து ரெக்கார்டையும் பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். பிறகு மேஜையிலிருந்த பிளேயரின் வயரைப் பிடுங்கிச் சுற்றி, அதையும் தூக்கினார்கள்.

"அண்ணாச்சி, பிளேயரத் தூக்குதாங்க."

"ஆமா."

"ஏன்?"

"அதுவும் சேத்துத்தான் தாயி பேசினது. இனி நமக்குக் கேசட்டுதான். தட்டும் ஊசியும் வச்சு மாரடிக்க முடியல." பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் காலையிலிருந்து சேர்த்து வைத்திருக்க வேண்டும். "நீ தட்டப் பத்தித்தான கேட்ட? பிளேயரப் பத்திக் கேக்கவே இல்லியே."

கேட்கவில்லைதான். ஒன்றரை மாதம் திட்டம் போட்டவள், புள்ளியைப் பார்த்தேன், கன்னத்தைப் பார்த்தேன், எழுத்தின் குழியைப் பார்த்தேன். மேஜைமேல் அரைப் பானை அளவுக்கு இருந்த மிஷினைப் பார்க்கவில்லை. மீதி ஒன்பது கேசட்டையும் எழுதி முடித்தேன். கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை.

இப்போது என்னிடம் ஏழு தட்டும் இருக்கிறது. ஐந்தாவதுக்கும் அம்மா அன்றைக்கே நீல ஓரம் கட்டிவிட்டாள். அப்பா வாங்கிப் பார்த்து, "இதுல ஒருத்தன் எறக்கிட்டான்" என்று சந்தோஷப்பட்டார். பார்த்தேன், உண்மைதான், ஓரத்தில் நிற்கிறவர் கிராப் வெட்டியிருக்கிறார். ஆக வரிசை முழுசு. கேட்கத்தான் வழியில்லை. ஒரு நாள் லென்ஸை வைத்துத் தட்டின் வரிகளைக்கூடப் பார்த்தேன். வரி தெரிந்தது. பாட்டு தெரியவில்லை.

"கேக்க முடியாத பாட்டுக்கா இம்புட்டுச் சண்ட?" என்றாள் அம்மா.

"கேப்பேன்."

"எப்படிக் கேப்ப? காதுல வச்சிக்கிடுவியா?"

முதலாளி மகன் வீட்டில் போய்க் கேட்டிருக்கலாம். பிளேயர் இன்னும் பெங்களூருக்குப் போகவில்லை என்று கேள்வி. ஆனால் அந்த வீட்டில் அதற்குள் கோழி விவகாரம் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே என்னை உட்கார வைத்துப் பாட்டுப் போடுவார்கள் என்று எதிர்பார்ப்பது அதிகம். மதுரைக்காரர் கடையில் ஒரு பிளேயர் உண்டு. வாங்குகிற தட்டை அரை நிமிஷம் ஓட்டிக் காட்டுவார். வெளியிலிருந்து கொண்டுபோகிற தட்டைத் தொட மாட்டார். இப்படி ஒவ்வொரு கதவாக யோசித்துக்கொண்டிருந்தபோது, புரட்டாசி பிறந்து, எங்கள் பிரஸ்ஸில் ஆயுத பூஜைக்கு லிஸ்ட் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

பூஜை லிஸ்ட் எழுதுவது மூன்று வருஷமாக என் வேலை. பொரி இத்தனை படி, வாழைக்கன்று இரண்டு, பூசணிக்காய், சந்தனம், மிஷினுக்கு மாலை நாலு, ரேடியோ செட் ஒன்று. பிரஸ் முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன். ரேடியோ செட் வரி வந்தபோது, "வழக்கமான ஆளுதானே?" என்றார்.

"அவரு கேசட்டுக்கு மாறிட்டாரு சார். தட்டு வச்சிருக்கற செட்டுல சத்தம் இன்னும் தெளிவா இருக்கும்னு சொல்லுதாங்க."

"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்."

முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லேபிள் விஷயத்தில் என் கண்ணை நம்புகிறவர். காதையும் நம்பிவிட்டார். "அப்ப நீயே ஆளப் பாத்துரு" என்றார்.

தட்டு ஓட்டுகிற செட் தேடிப் போன ஞாயிறு கழுகுமலைக்குப் போனேன். ஐந்தாவது தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "சாமி படமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கழுகுமலை ரேடியோ செட்காரர் பெரியவர். கேசட் பக்கம் இன்னும் போகவில்லை. போகிற எண்ணமும் இல்லை. பிளேயரைக் காட்டச் சொன்னேன். மூன்று வேகத்தில் ஓடுகிற பிளேயர். பெரிய தட்டுக்கான வேகத்தில் வைத்துச் சுற்றச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினேன். சரியாக இருந்தது. ஊசியையும் கழற்றச் சொல்லி லென்ஸில் பார்த்தேன். முனை மழுங்கியிருந்தது. புது ஊசி போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்றேன்.

"முப்பது வருசமா செட்டு போடுதேன். ஊசிய லென்சு வச்சுப் பாத்த மொத பார்ட்டி நீதான் தாயி" என்றார். "சாமி பாட்டெல்லாம் நம்மகிட்ட நெறைய கெடக்கு. கவலப்படாத."

"சாமி பாட்டு நீங்க போடுங்க. ஒரு தட்டு நாங்க கொண்டுவருவோம். ரெண்டு பக்கமும் முழுசாப் போடணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

"அது எந்தச் சாமி?"

"சாமி இல்ல. அன்னைக்குப் பூச மிஷினுக்குத்தான? இது மிஷினுக்குப் பிடிச்ச பாட்டு."

அவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "குழாய் எத்தன கட்டணும்?"

"எத்தன இருக்கு?"

"நாலு."

"நாலும்" என்றேன். "ரெண்டு ரோட்டப் பாத்து. ரெண்டு பஸ் ஸ்டாண்டப் பாத்து." பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் அண்ணாச்சி கடை.

வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தேன். ரசீது எழுதினார். 'மாலை நாலு மணி முதல். குழாய் நாலு. தட்டு ஒன்று பார்ட்டியுடையது, இரண்டு பக்கமும் முழுசாக' என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். திங்கட்கிழமை அதைப் பூஜை லிஸ்ட்டில், பொரி வரிக்கும் பூசணிக்காய் வரிக்கும் நடுவில் சேர்த்துக் குத்தி, முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.